ஆலமரத்தில் தொங்கும் மூட்டைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு அசட்டுத்தனத்தில் பிறந்தது. அந்த அசட்டுத்தனம் என்னுடையது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர சீட். வழியில் மலைப்பக்கமாகப் பிரிகிற ரோட்டு முக்கில் ஒரு பெரிய ஆலமரம். அதன் கிளைகளில் பத்துப் பன்னிரண்டு சாக்கு மூட்டைகள் தொங்கின. சில தேங்காய் அளவு, சில தலையணை அளவு. வாய்க்கட்டில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே கை பரபரத்தது. மொபைலை எடுத்து, "ஊர் தன் துயரங்களையெல்லாம் கட்டித் தொங்கவிட்ட மரம்" என்று ஒரு பத்தி அடித்துத் தள்ளினேன். அதில் காற்று வந்தது, விழுது வந்தது, மறதிகூட வந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போன பத்தி.

பக்கத்தில் வந்த கண்டக்டரிடம், "அண்ணே, அந்த மரத்துல என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"வேண்டுதலா? அது மாட்டு இளங்கொடி சார்" என்றார் அவர்.

இளங்கொடி என்றால் மாடு கன்று போட்ட பிறகு தள்ளுகிற நஞ்சுக்கொடி. அதை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் பொதிந்து, பால் வடிகிற மரமாகப் பார்த்துக் கட்டிவிடுவார்கள். மரத்தைப் போல மாட்டுக்கும் பால் பெருகுமாம். நாய் தின்றுவிட்டால் மாட்டுக்கு ஆகாதாம். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். நான் மில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், பாக்கெட் பால் குடித்து எழுத்தாளன் ஆனவன். பத்தியை அழித்துவிட்டேன்.

[முழுதாக அழிக்கவில்லை. மறதி வருகிற வாக்கியத்தை மட்டும் வேறொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.]

2

அந்த மூட்டை அதோடு என்னை விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த மாதமே எங்கள் பின்தெருவில் இருக்கிற டாக்டர் பிரிஸ்கில்லா வீடு தேடி வந்தார். மாட்டு டாக்டர். அந்த மலையடிவாரப் பக்கம்தான் அவருக்குக் கால்நடை மருந்தகம்.

"நீங்க கதை எழுதுறவராமே சார். எனக்கு ஒரு ரெண்டு பக்கக் கதை வேணும். முகாம் நோட்டீஸுக்குப் பின்பக்கம் அடிக்கிறதுக்கு. சும்மா 'தடுப்பூசி போடுவீர்'னு போட்டா யாரும் படிக்க மாட்டேங்கிறாங்க."

விஷயம் என்னவென்றால், கன்று வீச்சு நோய் என்று ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு வந்தால் ஆறு ஏழு மாதத்தில் கருவைத் தள்ளிவிடும். அப்போது வெளியேறுகிற தண்ணீரிலும் இளங்கொடியிலும் காய்ச்சாத பாலிலும் கிருமி இருக்கும். அங்கிருந்து மனிதனுக்கு வரும். வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி. கிடேரிக் கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. கன்று வீசிய மாட்டின் கழிவை ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கையில் உறை வேண்டும். பாலைக் காய்ச்ச வேண்டும். அவ்வளவுதான்.

(ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த அடுப்பில் அத்தனை நேரம் கிண்டுபட்ட பாலில் எந்தக் கிருமியும் உயிர் தப்பாது. நான் இதை எழுதும்போது ஒரு பொட்டலம் பிரித்து வைத்திருக்கிறேன்.)

அவ்வளவுதான் என்பதுதான் என் சிக்கல். நோய் வந்தால் கதை இருக்கிறது. வராமல் தடுத்துவிட்டால்? ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படி ரெண்டு பக்கம் எழுதுவது? மூன்று ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

அ. "ஓர் ஊரில் அறியாமை மிக்க விவசாயி ஒருவன் இருந்தான்." [டாக்டர் படித்துவிட்டு, "எந்த ஊர்ல சார்?" என்றார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.]

ஆ. "கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒருவன் தொழுவத்தில் பதுங்கி..." [கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே.]

இ. "மொக்கைச்சாமியின் வலது கைக்கு அந்த ரோட்டில் ஒரு பெயர் உண்டு."

இந்த மூன்றாவது நானாக எழுதியதல்ல. "ஒரு ஆளை நேர்ல பாத்துட்டு எழுதுங்க" என்று டாக்டரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் மொக்கைச்சாமியின் வீட்டில் உட்கார வைத்துவிட்டார். அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

மொக்கைச்சாமியின் வலது கைக்கு அந்த ரோட்டில் ஒரு பெயர் உண்டு. ராசியான கை.

வயது நாற்பத்தாறு. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் ஷிப்ட் வேலை. எங்கோ யாருக்கோ ஆபரேஷன் முடிந்து கட்டப்போகிற துணி அவர் தறியில்தான் ஓடும். ஆனால் அவரே மாட்டுக்குள் கையை விடும்போது விரலில் ஒரு நூல்கூட இருக்காது. "மாடு வலி எடுத்துருச்சு, செத்த வாரீகளா?" என்று ஃபோன் வந்தால் போதும், டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கன்று குறுக்கே கிடந்தாலும் தலை மடங்கிக் கிடந்தாலும் அந்தக் கை உள்ளே போய்த் திருப்பிக் கொண்டுவந்துவிடும். இதற்குக் கூலி கிடையாது. வீட்டில் வேறு கறவை மாடு இருந்தால், கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பால் நீட்டுவார்கள். நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது அவருக்கான மரியாதை. பிறகு இளங்கொடியைச் சாக்கில் கட்டி, அவரே கொண்டுபோய் ஆலமரத்தில் ஏற்றுவார்.

கைக்கு இருந்த பெயரைவிட அவர் வாய்க்கு இருந்த பெயர் பெரிது. அது எதையும் வெளியே சொல்லாத வாய். மாடு கன்று வீசிவிட்டது என்று தெரிந்தால் அந்த மாட்டை ஒருத்தன் வாங்க மாட்டான். பால் வண்டி சங்கிலிப்பாண்டி அந்த வீட்டு வாசலில் நிற்காமல் போய்விடுவான். அதனால் செத்துப் பிறந்ததையும் மொக்கைச்சாமி நல்லபடியாகப் பிறந்ததைப் போலவே கையாள்வார். அதே வைக்கோல், அதே சாக்கு, அதே மரம். எது நல்ல பிரசவத்து மூட்டை, எது கெட்டது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தை மாதத்தில் ஒரு வீடு. வைகாசியில் இன்னொரு வீடு. ஆடியில் சம்சாத் பேகம் வீடு.

சம்சாத் பேகத்தின் வீட்டுக்காரர் பிச்சை முகம்மது, ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மாடு இரண்டும் சம்சாத் பேகத்தின் பொறுப்பு. ஒன்று செவலை, இன்னொன்று கருப்பி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஹஃபீஸாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அம்மாவுக்குக் கை வலி என்று அவள்தான் பால் கறந்துகொண்டிருந்தாள்.

செவலை பின்மதியத்தில் கன்றைத் தள்ளிவிட்டது. ஏழு மாதக் கன்று. மூச்சில்லை.

"நல்லாத்தானே தம்பி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. யாரு கண்ணுபட்டுச்சோ" என்றார் சம்சாத் பேகம். பிறகு, "தம்பி, இது வெளியில..." என்று இழுத்தார்.

"எனக்கு எதுக்குக்கா அந்தச் சோலி?" என்றார் மொக்கைச்சாமி.

ஹஃபீஸா கருப்பியைக் கறந்து ஒரு டம்ளர் அவருக்கு நீட்டினாள். இன்னொரு டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. "தினமும் ஒண்ணு குடுத்துருவேன். பச்சப்பால் குடிச்சா வயித்துப் பிள்ளைக்குத் தெம்பு" என்றார் அம்மா. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று குடித்தார்கள்.

(இந்த வாக்கியத்தை நாலு தடவை மாற்றினேன். முதலில் "தெரியாமல் விஷத்தைக் குடித்தார்கள்" என்று எழுதியிருந்தேன். அது பொய். கருப்பியின் பாலில் என்ன இருந்தது என்று அப்போது யாருக்குமே தெரியாது. நானும் தெரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன்.)

அன்று சாயங்காலமும் மொக்கைச்சாமிக்குக் காய்ச்சல் அடித்தது. நாலு மாதமாக இதே கதை. வரும், வியர்த்துக் கொட்டும், போகும், மறுபடி வரும். "பாயைப் பிழிஞ்சா ஒரு குடம் ரொம்பும் போல" என்று அவர் மனைவி வேலுத்தாய் தினமும் பாயை வெயிலில் போட்டாள். போன கிளினிக்கில் டைபாய்டு என்றார்கள். மூன்று தடவையும் டைபாய்டு.

4

இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஒரே ரோட்டில் ஏழு மாதத்துக்குள் மூன்று மாடு கன்று வீசியிருக்கிறது. மூன்றையும் பார்த்தவர் இவர். இவருக்குக்கூடவா உறைக்கவில்லை? நானும் முதல் பிரதியில் அவரை முட்டாளாக்கிவிட்டேன். விழிப்புணர்வுக் கதைக்கு ஒரு முட்டாள் கிடைத்தால் வேலை சுலபம்.

ஆனால் நேரில் கேட்டபோது அவர் சொன்னது வேறு.

"சார், ஒரு வீட்டுல பாத்ததை அந்த வீட்டு வாசல்லயே எறக்கி வச்சுட்டு வந்துருவேன். அடுத்த வீட்டுக்குப் போறப்ப அதை மனசுலகூட வச்சிருக்க மாட்டேன். அப்படி இருந்தாத்தான் வாய் தவறாது. மூணையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் நோட்டை மூடிவிட்டேன். அவர் நல்ல மனுசன் என்பதுதான் அவருடைய தப்பு. ஊருக்குத் தெரியக்கூடாது என்று பூட்டியதை அவர் தனக்கே தெரியாமல் பூட்டியிருக்கிறார். முட்டாள் பிரதியைக் கிழித்தேன். கிழித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

5

டாக்டர் பிரிஸ்கில்லா கிடேரிகளுக்கு ஊசி போட வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார். "இங்க மாடு எதுவும் கன்னு வீசுச்சாம்மா?"

"இங்கயா? அதெல்லாம் இல்லியே டாக்டரம்மா."

எல்லா வீட்டிலும் இதே பதில். கடைசியில் ஆலமரத்தடியில் மொக்கைச்சாமி ஏணியிலிருந்து இறங்குவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"இதுல எதுவும் கன்னு வீசின மாட்டோடதா?"

"எல்லாம் நல்லபடியா பெத்ததுதான் டாக்டரம்மா" என்றார் மொக்கைச்சாமி.

டாக்டர் மூட்டைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். உச்சி வெயிலில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற மனுசனுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நாளா காய்ச்சல்?"

"அது கெடக்குது. நாலு மாசமா."

"இடுப்பு வலிக்குதா? மூட்டு? காலைல சட்டை நனைஞ்சு போகுதா?"

"என்னைய மாடுன்னு நினைச்சுட்டீகளா?" என்று சிரித்தார் மொக்கைச்சாமி.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் என்னவோ எழுதி, அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயரும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் கொடுத்துப் பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. டைபாய்டு இல்லை. மாட்டு நோய்.

அதை டாக்டரிடம் காட்ட மருந்தகத்துக்குப் போனார். டாக்டர் ஆற அமர உட்கார வைத்துச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையை ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டால் போய்விடும். எப்படி வந்தது? வெறுங்கையில் கீறல் இருந்திருக்கும், இளங்கொடித் தண்ணீர் பட்டிருக்கும். இல்லையென்றால் கறந்த சூட்டில் குடித்த பால்.

"பெரியவங்களுக்குன்னா காய்ச்சலோட போயிரும்ணே. மாசமா இருக்கிற பிள்ளைகளுக்கு வந்தாத்தான் பயம். கரு தங்காமப் போயிரலாம்."

மொக்கைச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கண்ணில் ஒரு டம்ளர் நின்றது. அதைப் பிடித்திருந்த ஹஃபீஸாவின் விரல்கள் நின்றன. ஏழு மாதமாக ஒவ்வொரு வாசலிலும் இறக்கி வைத்தது எல்லாம் ஒரே நொடியில் ஒன்றாக வந்து சேர்ந்தது.

"எந்தெந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. பொறவு நான் பாத்துக்கிறேன்" என்றார் டாக்டர். இவருக்குத் தெரியும் என்பதை மூஞ்சியிலேயே படித்துவிட்டார்.

மொக்கைச்சாமி வண்டியை எடுத்தார்.

6

அவரை இங்கே ரயில்வே கேட்டில் நிறுத்தி வைக்கிறேன். நிஜமாகவே அன்று கேட் அடைத்திருந்ததாம். எனக்கு வசதியாகப் போயிற்று. ரயில் போகிற வரை உங்களிடம் ரெண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன்.

அவர் மண்டைக்குள் இப்போது என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சொன்னால் மூன்று வீட்டுக்கும் துரோகம். இனி எந்தத் தொழுவத்திலும் அவரை நம்பி விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை நாளைக் காலையிலும் டம்ளரோடு நிற்பாள்.

முதல் முடிவு: மொக்கைச்சாமி தயங்குகிறார். ஒரு வாரம் போகிறது. ஹஃபீஸாவுக்கு... [இதற்கு மேல் உங்களுக்குக் காட்ட மாட்டேன். பத்தே நிமிடத்தில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, அதுதான் வெட்கம். படித்த டாக்டர் தாளை மடக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டு, "ஒரு ஆளையும் கொல்லாம உங்களால ஒரு கதை எழுத முடியாதா சார்?" என்று கேட்டார்.]

இரண்டாம் முடிவு: மொக்கைச்சாமி மனம் திருந்தி மூன்று வீட்டுப் பெயரையும் சொல்கிறார். டாக்டர் காப்பாற்றுகிறார். அனைவரும் கைதட்டு... [இதை மொக்கைச்சாமிக்கே வாசித்துக் காட்டினேன். "நான் அப்படிச் சொல்லல சார்" என்றார். "கதைக்காக" என்றேன். "கதைக்காகன்னாலும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார்.]

ஆக இரண்டும் போயிற்று. கேட் திறந்துவிட்டது. இனி நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எனக்கு மிச்சம்.

7

பால் வண்டி நாலு மணிக்கு ஆலமரத்து முக்கில் வந்து நிற்கும். மொக்கைச்சாமி போய்ச் சேர்ந்தபோது ரோட்டு ஆட்கள் அத்தனை பேரும் கேனோடு நின்றார்கள். சங்கிலிப்பாண்டி ஊற்றி வாங்கிக்கொண்டிருந்தான். சம்சாத் பேகமும் இருந்தார். பக்கத்தில் கேனைப் பிடித்துக்கொண்டு ஹஃபீஸா.

"எல்லாரும் செத்த நேரம் நில்லுங்க. ஒரு விசயம் சொல்லணும்" என்றார். எப்போதும் வாயைத் திறக்காதவர் பேசியதால் கூட்டம் சட்டென்று அடங்கியது.

மொக்கைச்சாமி வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கைக்கு நோய் வந்துருச்சு. மாட்டு நோய். ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்துட்டாக. நாலஞ்சு மாசமா இந்தக் கையோடதான் உங்க மாட்டையெல்லாம் தொட்டிருக்கேன். என்கிட்ட இருந்து எந்த மாட்டுக்கு ஒட்டிருக்கும்னு எனக்கே தெரியாது. அதனால நான் தொட்ட மாடு அம்புட்டையும் டாக்டரம்மாகிட்டக் காட்டிருங்க. ஒண்ணு விடாம. பாலைக் காய்ச்சாம யாரும் குடிக்காதீக. மாசமா இருக்கிற பிள்ளைக தொழுவத்துப் பக்கமே போக வேண்டாம்."

முன்னால் நின்ற ரெண்டு பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அவர் பார்த்தார்.

"ஏலே மொக்கை" என்றார் பால்பாண்டி. அந்த ரோட்டிலேயே அதிக மாடு வைத்திருக்கிற ஆள். "ராசியான கைன்னு நம்பித்தானலே உள்ள விட்டோம்?"

"ஆமாண்ணே. தப்பு என் மேலதான்."

"பாலை என்ன செய்ய? கொட்டவா?" என்று கேட்டான் சங்கிலிப்பாண்டி.

"பொங்கக் காய்ச்சினா ஒண்ணும் ஆகாதாம். டாக்டரம்மாகிட்ட நீயே கேட்டுக்கோ."

சம்சாத் பேகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். செவலை கன்று வீசியது அவருக்குத் தெரியும். அது மொக்கைச்சாமி கை பட்ட பிறகு வீசியதல்ல, வீசிய பிறகுதான் அவருக்கே ஆள் அனுப்பினார். தன் வீட்டு விஷயத்தை மறைக்க இந்த மனுசன் ஊர் முன்னால் தன் கையைக் கொடுக்கிறார் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்தது. ஹஃபீஸாவின் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார்.

அடுத்த புதன்கிழமை மருந்தகத்து வாசலில் முப்பத்தொரு மாடு நின்றது. யாருக்கும் கூச்சமில்லை. கன்று வீசிய மாட்டுக்காரர்களும் தைரியமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பழிதான் மொக்கைச்சாமி மேல் போய்விட்டதே. பாலும் ரத்தமும் எடுத்துப் பார்த்ததில் ஐந்து மாட்டுக்கு நோய் இருந்தது. அந்த ஐந்து வீட்டுக்கும் டாக்டர் தனித்தனியாகப் போய்ச் சொல்லி, மாட்டைப் பிரித்துக் கட்ட வைத்தார். செவலைக்கு இருந்தது. கருப்பிக்கு இல்லை. ஹஃபீஸாவின் ரத்தத்திலும் இல்லை. பதினான்கு கிடேரிகளுக்கு ஊசி போட்டாயிற்று.

ஐப்பசியில் ஹஃபீஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்று கிலோ. ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத முடியாது என்றல்லவா அலட்டிக்கொண்டிருந்தேன்!

8

கதையை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்து முடித்தார்.

"இதை நோட்டீஸ்ல போட முடியாது சார்."

"ஏன்? ஒரு ஆளையும் கொல்லலியே?"

"அவர் சொன்னது தலைகீழ் சார். மாட்டுல இருந்துதான் அவருக்கு வந்துச்சு. அவர்கிட்ட இருந்து மாட்டுக்கு வந்துச்சுன்னு கவர்மென்ட் நோட்டீஸ்ல போட்டா, நாளைக்கு மாசமா இருக்கிற பிள்ளை மாட்டை விட்டுட்டு மொக்கைச்சாமிய பாத்துல்ல பயப்படும்?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கழுவாத கையில கிருமி ஒரு தொழுவத்துல இருந்து இன்னொரு தொழுவத்துக்குப் போகும்தான். அந்த அளவுக்கு உண்மை. மீதி தப்புன்னு அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொன்னா முப்பத்தொரு மாடு வந்திருக்காது."

நோட்டீஸுக்குப் பின்பக்கம் வெறும் படங்கள்தான் அச்சாயின. கையுறை, குழி, சுண்ணாம்பு, பொங்குகிற பால். நல்ல நோட்டீஸ். அதில் மொக்கைச்சாமிக்கு இடமில்லை.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டு அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மரத்திலிருந்த பழைய மூட்டைகளையெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு அவரே இறக்கிக் குழியில் புதைத்தார். டாக்டர் ஒரு பெட்டி நீளக் கையுறை கொடுத்திருக்கிறார், தோள் வரை வரும். ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. மூன்று மாதமாகப் பிரசவத்துக்கு வத்திராயிருப்புப் பக்கமிருந்து யாரோ வருகிறார்கள். மொக்கைச்சாமி தறிக்குப் போகிறார், வருகிறார். "கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக சார். பாக்கச் சகிக்கல" என்றாள் வேலுத்தாய்.

இந்தக் கதை வெளியே வந்தால் அவர் கை மேல் தப்பில்லை என்று ஊருக்குத் தெரியும். கூடவே மூன்று வீட்டு ரகசியமும் தெரியும். வராவிட்டால் ரகசியம் பிழைக்கும், கையின் பெயர் பிழைக்காது. நான் என்ன செய்ய? எழுதியவனுக்கு இதைத் தீர்க்கிற அதிகாரம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், அப்படி ஒன்று எனக்குக் கிடையாது. அவரிடமே போய்க் கேட்டேன்.

மொக்கைச்சாமி என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பேரையெல்லாம் மாத்திட்டீகல்ல?"

"மாத்திட்டேன். உங்க பேரும் வேற."

"என்ன பேரு வச்சிருக்கீக?"

"மொக்கைச்சாமி."

சிரித்தார். "அப்பச் சரி. கீழ கதைன்னு போட்டுருங்க. கதைன்னா யாரு நம்பப்போறா?"

9

போட்டுவிட்டேன். இது கதை.

ஆனாலும் கிளம்புவதற்கு முன் உங்களிடம் ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். மொக்கைச்சாமி தன் கையைப் பலிகொடுத்தது எதற்காக என்று மூன்று வீட்டிலும் தெரியும். ஆனால் அடுத்த வீட்டிலும் கன்று வீசியது எந்த வீட்டுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் தனக்காக மட்டுமே அவர் அதைச் செய்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் வாயைத் திறந்து நன்றி சொல்லவில்லை. சொன்னால் வெளியே தெரிந்துவிடும்.

கருப்பி கன்று போட இந்த வாரம் நாள். நேற்று பஸ்ஸில் போகும்போது சம்சாத் பேகம் வீட்டைப் பார்த்தேன். [இந்தத் தடவை மொபைலை எடுக்கவில்லை.] தொழுவத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு குழி வெட்டியிருக்கிறது. ஆள் இடுப்பளவு ஆழம் இருக்கும். கரையில் ஒரு சுண்ணாம்பு மூட்டை. ஆலமரத்தில் ஒன்றுமே தொங்கவில்லை, விழுதைத் தவிர.

குழி வெட்டியாகிவிட்டது, கூப்பிடுவது யாரை? மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். எனக்கு ஆசை இருக்கிறது, அதனால் நான் எழுதினால் நம்ப முடியாது. நீங்கள் எழுதுங்கள். ரோட்டில் யாருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் சம்சாத் பேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி அடங்கியிருக்கிறது. தொழுவத்தில் கருப்பி நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி நிற்கிறது. ஃபோன் உங்கள் கையில். அதில் வத்திராயிருப்புக்காரர் நம்பரும் இருக்கிறது, அந்தப் பழைய நம்பரும் இருக்கிறது.

எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஒன்று மட்டும் வேலுத்தாய் சொன்னாள் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக அவர் ஃபோனைச் சத்தம் குறைத்து வைத்ததே இல்லையாம். முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார்.